மோட்டலில் கை நனைக்கலாமா?

எங்கள் பக்கத்தில் மோட்டல் என்றால் தூங்குகிற இடம் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்புகிற இடம். சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற பஸ்கள் கடலூரைத் தாண்டி, சிதம்பரம் வருவதற்கு முன்னால் சாப்பாட்டுக்காக ஓரங்கட்டுகிற கடை அது. கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டி, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று கத்துவார். வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்த ஜனம் திடுக்கிட்டு எழுந்து, செருப்பைத் தேடி மாட்டி, இறங்கி வந்து, கொடுப்பதைத் தின்றுவிட்டு, எங்களைத் திட்டிக்கொண்டே திரும்பி ஏறும். இதுதான் மோட்டல். அமெரிக்காவில் மோட்டல் என்றால் ரூம் எடுத்துப் படுத்துத் தூங்குவார்களாம். அது எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரருக்குத்தான் எப்படித் தெரியும்?

ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வருவதற்குள் ரோட்டோரம் 'ஸ்ரீ தங்கம்மாள் மோட்டல்' என்று பெரிய போர்டு இருக்கும். தங்கம்மாள் என் மாமியார். உயிரோடு இருந்தவரை எந்த மனுஷரையும் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார விட்டதில்லை, ஆகையால் பெயர் பொருத்தம்தான். என் வீட்டுக்காரர் தேவநாதன் கல்லாவில் இருப்பார். பரோட்டா மாஸ்டர் ராஜமாணிக்கம் அடுப்படியில் இருப்பார். அவர் போடுகிற பரோட்டாவைப் பற்றி வெளியில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் அந்த அடுப்புப் பக்கமே போக மாட்டேன்.

என் ராஜ்யம் பின்பக்கம். மோட்டலுக்குப் பின்னால் படலைத் திறந்தால் எங்கள் வீடு. டிரைவர் கண்டக்டர்களுக்கான சாப்பாடு மட்டும் என் வீட்டு அடுப்பில், என் கையால் ஆவது. பஸ்ஸை நிறுத்துவதும் நிறுத்தாமல் போவதும் அவர்கள் மனசு. அவர்கள் வயிறு நிறைந்தால்தான் எங்கள் கடை ஓடும். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடக் கடைக்குப் பின்பக்கம் தனியாக ஒரு அறை உண்டு. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஜன்னல். டிரைவர் ரூம் என்போம். அந்த ரூமுக்குள் போகிற மீன் குழம்பு பாசஞ்சர் கண்ணில் படவே படாது.

எங்களுக்கு ஒரே பெண், சுவேதா. சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டியில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கிற சேரன் என்கிற பையனைப் பிடித்துப்போய், சுற்றி வளைக்காமல் நேராக என்னிடம் வந்து சொன்னாள். எங்களுக்கு மறுப்பு இல்லை. பையனின் அப்பா சுப்பிரமணியனுக்கும் சம்மதம்தான். அம்மா பொன்னிதான், "பொண்ணு வீட்ட நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். அந்த அம்மா வாயிலிருந்து ஒரு 'சரி' வர வேண்டும். வராமல் போனால் என் பெண் நொறுங்கிப்போவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

2010ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சுப்பிரமணியனிடமிருந்து போன் வந்தது. நான் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த மனுஷர் போனில் பேசினால் எட்டுக் கடைக்குக் கேட்கும்.

"நாளைக்கு காலைல நானே கார் எடுத்துக்கிட்டு கெளம்பறேங்க. ரிட்டையர் ஆனப்புறம் வாங்குன வண்டி, லாங் டிரைவ் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. சேரனுக்கு ஆபீஸ்ல லீவு இல்ல. அவன்தான் பாத்தாச்சே, நாங்கதானே பாக்கணும்! சாயங்காலம் வந்து சேந்துருவோம். வியாழக்கிழமை காலைல பொண்ணு பாக்குறோம். ராத்திரி உங்க மோட்டல்லயே தங்கிக்கிறோம். சம்பந்தம் முடிவாகறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டம்மா கறாரா இருக்காங்க. மோட்டல்னா பிசினஸ் எடம், அது வேற கணக்கு. ரூம் காலியா இருக்குமில்ல?"

"எல்லா ரூமும் காலியாத்தாங்க இருக்கு! தாராளமா வாங்க!" என்றார் என் வீட்டுக்காரர்.

போனை வைத்த பிறகுதான் மனுஷருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லா ரூமும்னா, எந்தெந்த ரூமுங்க?" என்று கேட்டேன்.

"அவரு பட்டுன்னு கேட்டாரா, வாய்ல பட்டுன்னு வந்துருச்சு பவானி."

"சரி, இப்பவே போனப் போட்டு உண்மையச் சொல்லுங்க. இது பஸ்சு நிக்கற எடம், படுக்கற எடம் இல்லன்னு சொல்லுங்க. திருப்பாதிரிப்புலியூர்ல நல்ல லாட்ஜா பாத்துப் போட்டுக் குடுங்க."

"நீ ஒருத்தி! அந்தம்மா போன வருஷம் அமெரிக்காவுல பெரிய பொண்ணு வூட்டுல இருந்துட்டு வந்தவங்க. கார்லயே ஊர் ஊராப் போயி மோட்டல் மோட்டலாத் தங்குனவங்க. அங்க மோட்டல் வச்சிருக்கற குஜராத்திக்காரங்க எல்லாம் கோடீஸ்வரங்களாம். அதே நெனப்புல, மோட்டல் ஓனரு வூட்டுப் பொண்ண எடுக்கறேன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்களாம். இப்பப் போயி பரோட்டாக் கடைன்னு எப்பிடிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்றது! அந்தப் பரோட்டாக் கடைக் காசுலதான ஒங்க பொண்ணு படிச்சா?"

எனக்கு வந்ததே கோபம்! வருஷக்கணக்கில் பொழுது விடியுமுன்னே எழுந்து அடுப்பில் வெந்தவள் நான். அந்தக் கடையைச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வெட்கமாம். கரண்டியைக் கல்லா மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரும் பின்னாலேயே வந்து, சுவேதா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் மோட்டல்னுதாம்ப்பா சொன்னேன். நம்ம போர்டுல வேற என்னா எழுதியிருக்கு?" என்றாள் அவள். "சேரன்கிட்ட நான் மொதல்லயே..."

"சேரன்கிட்ட நீ ஒண்ணும் பேசாத. என் தலமேல அடிச்சு சத்தியம் பண்ணு. ரெண்டு நாளைக்கு அந்தப் பையன்கிட்ட மூச்சு விடக் கூடாது. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அவர் 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்ன எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. ஆனாலும் பாவம், அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணிக்கொடுத்தாள்.

அன்றைக்கே டிரைவர் ரூமை ஓட்டல் ரூமாக மாற்றுகிற திருப்பணி தொடங்கியது. மேசையும் பெஞ்சும் வெளியேறிப் பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போயின. சுவருக்கு ஊதா நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். சுவேதாவின் கட்டில் உள்ளே போனது, அவள் தரையில் படுத்தாள். மஞ்சக்குப்பத்திலிருக்கிற என் தங்கை வீட்டிலிருந்து பூப்போட்ட ஜன்னல் திரை வந்தது. குட்டி சோப்பு, குட்டி ஷாம்பு எல்லாம் வாங்கி, தட்டில் அடுக்கி வைத்தார் என் வீட்டுக்காரர். கடைசியாகக் கதவில் 'ரூம் நெ. 1' என்று எழுதி ஒட்டினார்.

"இருக்கறது ஒரு ரூமு. அதுக்கு எதுக்குங்க நம்பரு?"

"அப்பத்தான் ரெண்டு, மூணெல்லாம் எங்கியோ இருக்குன்னு நெனப்பாங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். வழக்கமாக வருகிற டிரைவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, புதன்கிழமை மட்டும் மரத்தடியில் சாப்பிட்டுக்கொள்ளும்படி கெஞ்சிக் கூத்தாடினார். எல்லாருக்கும் சொன்னவர், நெல்லிக்குப்பத்து ராபர்ட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. நாகப்பட்டினம் வண்டி ராபர்ட், அக்கா மகனுக்கு ஞானஸ்நானம் என்று லீவில் இருந்தார். புதன்கிழமை டூட்டிக்கு வந்துவிடுவார் என்பது என் வீட்டுக்காரருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. கடைக்கு முன்னால் எப்போதும் காதைப் பிளக்கிற பாட்டை அன்றைக்கு நிறுத்தச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர், கௌரவமாக இருக்கட்டும் என்று. சுப்பிரமணியன் குண்டாக, சிரித்த முகமாக இறங்கினார். பொன்னி ஒல்லி. கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இறங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் காபி கொண்டுபோனேன்.

"காபி வீட்டுலேர்ந்தா, மோட்டல்லேர்ந்தா?" என்று கேட்டார்.

"வீட்டுலேர்ந்துதாங்க."

"அப்ப வேணாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கம்மா வீட்டு வழக்கம். நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடியட்டும்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காபி டம்ளர் கையில் கனத்தது. நாளைக்கு நல்லபடியாக முடியாவிட்டால்?

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்று, ஐம்பது அறுபது பேர் மடமடவென்று இறங்கினார்கள். பொன்னி அசந்துபோய்ப் பார்த்தார்.

"ஒரே நேரத்துல இவ்ளோ பேரு தங்க வர்றாங்களா?"

"டூர் குரூப்புங்க" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

டூர் குரூப் பரோட்டாவைத் தின்று, வேலியோரம் ஒதுங்கி, பத்து நிமிஷத்தில் திரும்ப ஏறிப் போய்விட்டது. "அதுக்குள்ள போயிட்டாங்களே?" என்று பொன்னி கேட்டதற்கு, "அவசர டூருங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு படலைத் தாண்டி வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

இருட்டியதும் பொன்னி, மோட்டல் சாப்பாடுதான் சாப்பிடுவோம் என்று ராஜமாணிக்கத்திடம் ரூமுக்குப் பரோட்டா கொண்டுவரச் சொன்னார். ஒரு விள்ளலைப் பிய்த்தவர், அதோடு கொஞ்ச நேரம் போராடிவிட்டு, "வேற ஒண்ணும் இல்லீங்களா? கடல் பக்கத்துலயே இருக்கீங்க, மீன் கீன்?" என்று கேட்டாராம். ராஜமாணிக்கம் கறாராக, "மீனெல்லாம் இந்த மோட்டல்ல கெடையாதும்மா. பரோட்டா, ஆம்லெட், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பொன்னி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மகனுக்குப் போன் பண்ண சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அடுத்து ரூமுக்குள் நடந்ததை ராபர்ட் பிறகு சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ராபர்ட் வண்டியை நிறுத்திவிட்டு, வருஷக்கணக்கான பழக்கத்தில் கால் போன போக்கில் டிரைவர் ரூமுக்குள் நுழைந்திருக்கிறார். பின்னாலேயே அவருடைய கண்டக்டர் மணவாளன். மேசையைக் காணோம். கட்டில் ஒன்று கிடக்கிறது. அதில் லுங்கியும் பனியனுமாக ஒரு பெரியவர். ராபர்ட் அவரை வேற்றூர் டிரைவர் என்று நினைத்துக்கொண்டார். சுப்பிரமணியனோ, காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்த ராபர்ட்டைப் பக்கத்து ரூமில் தங்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து சார் வர்றீங்க?"

"பெங்களூருங்க."

"அப்பாடி! நீங்க ஒருத்தரேவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. காலைல எட்டு மணிக்கு எடுத்த வண்டி. திருவண்ணாமலையில மட்டும் கொஞ்சம் நிறுத்தினேன்."

"மாத்து டிரைவர் குடுக்கலியா? அநியாயமா இருக்குதே! சாப்டீங்களா?"

சுப்பிரமணியன் பரோட்டாத் தட்டைக் காட்டினார். ராபர்ட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! இதையா தின்னீங்க? இது பாசஞ்சருக்கு சார்! நம்மளுக்குத் தனியா இருக்குது. யோவ் மணவாளா, கொழம்புச் சட்டி எங்கய்யா?"

நான் வேப்பமரத்தடி மேசையில் சோற்றுப் பாத்திரத்தையும் குழம்புச் சட்டியையும் தட்டுகளையும் வைத்துவிட்டு, அப்பளம் பொரிக்க உள்ளே போயிருந்தேன். மணவாளன் எட்டிப் பார்த்து, "அக்கா எதுக்கோ மரத்தடியில வச்சிருக்குது" என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போய்விட்டார். நான் திரும்பி வந்தால் மேசை காலியாக இருக்கிறது. நாய் கீய் இழுத்துப்போய்விட்டதா என்று பார்க்கும்போது, ரூம் நம்பர் ஒன்றிலிருந்து சிரிப்புச் சத்தம். ஜன்னலில் தங்கையின் பூப்போட்ட திரையை விலக்கிப் பார்த்தேன்.

மூன்று பேரும் கட்டிலைச் சுற்றித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்பு. சுப்பிரமணியன் சோற்றைக் குழைத்து உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். குழம்பு முழங்கையில் வழிந்தது. ராபர்ட் அவருக்கு மோட்டல் சூட்சுமம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாசஞ்சருங்க நம்மளத் திட்டுவாங்க சார், இந்தக் கடையில போயி நிறுத்துறியேன்னு. அவுங்களுக்கு என்னா தெரியும்? நாம நிறுத்துறது கடைக்கா? இந்த அக்கா கைக்கு! ஊட்டு அடுப்புல அவுங்களே ஆக்குறது. அவுங்க பொண்ணுக்குக்கூட எங்கியோ பெங்களூருல மாப்ள பாக்குறாங்களாம். குடுத்து வச்சவன் சார், எவனோ."

சுப்பிரமணியன் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். ராபர்ட்டைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். ஜன்னலில் என்னைப் பார்த்தார். மனுஷருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "இன்னும் ஒரு துண்டு இருக்குமா?" என்றார்.

அந்த நேரத்தில் கதவில் பொன்னி வந்து நின்றார்.

"யாருங்க இவுங்க? நம்ம ரூம்ல என்ன பண்றாங்க?"

சுப்பிரமணியன் படக்கென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா..."

"காட்டுங்கன்னா!"

பிடித்து இழுத்து மோந்து பார்த்தார். கையும் களவுமாக மாட்டுவது என்பார்களே, அது இதுதான்.

"மீன் கொழம்பு. எங்க சாப்பிட்டீங்க?"

"மோட்டல்லதாம்மா. பிசினஸ் எடம்தானே, தப்பில்லையே..."

"இந்த மோட்டல்ல மீனே கெடையாதுன்னு மாஸ்டர் சொன்னாரே!"

ராபர்ட்டுக்கு மனசு கேட்கவில்லை. "கடைக் கொழம்புன்னா நெனச்சீங்க? சேச்சே! அக்கா ஊட்டுல ஆக்குனதும்மா. டிரைவர் ரூமுக்கு எப்பவும் ஊட்டுச் சாப்பாடுதான்."

"டிரைவர் ரூமா? இது ரூம் நம்பர் ஒண்ணு இல்ல?"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்து வாசலில் நின்றார். பொன்னி அவர் பக்கம் திரும்பி, "அப்ப சாயங்காலம் வந்த டூர் குரூப்பு?" என்று கேட்டார். அவர் கதவில் ஒட்டியிருந்த 'ரூம் நெ. 1'-ஐ முதுகால் மறைத்துக்கொண்டார். இனி நான் பேசாவிட்டால் யாரும் பேச மாட்டார்கள் என்று உள்ளே போனேன்.

"டூரும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் பஸ்சுல வர்ற ஜனம். எங்க ஊருல இதுக்குப் பேருதான் மோட்டல். வண்டி நிக்கும், ஜனம் திங்கும், போயிரும். யாரும் தங்க மாட்டாங்க. என் பொண்ணு ஒங்ககிட்டப் பொய் சொல்லல. இருக்கறத இருக்கற பேர்ல சொன்னா. பொய் சொன்னது என் புருஷன். அதுவும் நேத்துலேர்ந்துதான். ஒங்க முன்னாடி கொறஞ்சிடுவோம்னு பயந்து இந்தக் கூத்தெல்லாம் பண்ணிட்டாரு. எனக்கு இந்தக் கடையில ஒரு வெக்கமும் இல்லீங்க. இதுலதான் நாங்க நிமிந்து நிக்கறோம்."

பொன்னி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கெளம்புங்க" என்றார் புருஷனிடம். என்னைப் பார்த்து, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோங்க" என்றார்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம். பெண் வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் இந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். யாரும் எதுவும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் பொரித்து வைத்த அப்பளத்தைத் தட்டோடு ஏந்திக்கொண்டு, தலையில் எண்ணெயும் பழைய சுடிதாருமாக, சுவேதா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். மறுநாள் காலையில் பட்டுப்புடவை கட்டிப் பார்க்க வேண்டிய பெண்ணை அந்த அம்மா முதன்முதலாக அந்தக் கோலத்தில் பார்த்தார். சுவேதா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு நிமிஷம். சேரனுக்கு ஒரு போன் போட்டு, மோட்டல்னா என்னான்னு கேளுங்க. அப்பா சத்தியம் வாங்கிட்டாரு, நான் பேசக் கூடாது."

பொன்னி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கதவுக்கு வெளியே வந்து, சிக்னலுக்காக போனை உயர்த்திப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சேரா, இந்த மோட்டல் எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

பையனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அம்மா... அங்க பரோட்டா மட்டும் சாப்பிட்டுறாத."

"சாப்பிட்டிருக்கியா நீ?"

"காலேஜ்ல படிக்கறப்ப ஃப்ரெண்ட்ஸோட வேளாங்கண்ணி போனேன்ல, அப்ப அங்கதான் பஸ் நின்னுச்சு. சுவேதா மொதல்லயே எல்லாம் சொல்லிட்டா. நீதான் அமெரிக்கா மோட்டல்னு சந்தோஷமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்த. எனக்குச் சொல்ல மனசு வரல..."

பொன்னி போனை அணைத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். தரையில் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"மறைச்சவங்க ஒங்க வீட்டுல ஒருத்தரு. எங்க வீட்டுல ரெண்டு பேரு" என்றார் என்னிடம்.

என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மாவுக்கும் உதட்டோரம் இழுத்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்ன நடக்கிறது என்று புரியாமல் மணவாளனும் சேர்ந்து சிரித்தார்.

"நிச்சயம் ஆகாம கை நனைக்கக் கூடாதுன்னு ஓசூரு தாண்டறதுக்குள்ள எத்தன தடவ சொன்னேன் இந்த மனுஷன்கிட்ட! முழங்கை வரைக்கும் நனைச்சுட்டு உக்காந்திருக்காரு. எங்கம்மா இருந்திருந்தா, கை நனைச்சாச்சு, சம்பந்தம் முடிஞ்சாச்சு, இனிமே மறுபேச்சே இல்லன்னு சொல்லியிருப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவேதா கையிலிருந்து அப்பளத்தை ஒன்று எடுத்துக் கடித்தார். "சம்பந்தியம்மா, எனக்கும் ஒரு தட்டு போடுங்க. அந்தப் பரோட்டாவத் தின்ன முடியல, பசி உயிர் போவுது."

சம்பந்தியம்மா! காதில் விழுந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டைத் தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவேதா அப்பளத் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவளுடைய அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே அசடு வழிய நின்றார்.

முன்பக்கம் பஸ்ஸில் ஜனம் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போன கண்டக்டரை எங்கே காணோம் என்று யாரோ ஹாரனை அடித்தார்கள். மணவாளன் கையைக் கழுவிக்கொண்டே, "அக்கா, சம்பந்தம் முடிஞ்சுதா முடியலியா? தெரியாம நான் வண்டிய எடுக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"முடிஞ்சுதுங்க" என்றார் பொன்னி.

மணவாளன் ரூமுக்குள்ளேயே நின்று விசிலை ஊதினார். ராபர்ட் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பொன்னி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகச் சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

சந்தேகமே இல்லை, சம்பந்தியேதான். மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி பொன்னி எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டார். சுப்பிரமணியன் மட்டும் ரூம் நம்பர் ஒன்றை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நின்றபோது எழுந்துபோய் டிரைவர்களோடு டீ குடித்தாராம். எங்கள் மோட்டலில் ராத்திரி தங்கிய ஒரே ஆள் அவர்தான், அவரும் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை.

காலையில் சுவேதா முறைப்படி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபி கொடுத்தாள். பொன்னி தன் கையாலேயே அவளுக்குப் பூ வைத்தார். அப்புறம் டம்ளரோடு முன்பக்கம் போய், ரோட்டோரம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று பெங்களூரிலிருக்கிற தன் அக்காவுக்குப் போன் போட்டார். நானும் என் வீட்டுக்காரரும் கல்லாவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இதுதான் எனக்குக் கடைசி பயம். ஊரெல்லாம் சொல்லி வைத்ததை அந்த அம்மா இப்போது எப்படி மாற்றிச் சொல்வார்?

"ஆமாக்கா, முடிஞ்சுருச்சு. ஆமா, மோட்டல்தான். அமெரிக்கா மோட்டல் மாதிரியா? அங்க என்ன இருக்கு, கட்டிலும் சோப்பும்தான். இங்க நாளெல்லாம் பஸ் பஸ்ஸா ஜனம் வந்து எறங்குது. சாப்பாடா? பரோட்டாவெல்லாம் பஸ்ல வர்றவங்களுக்குக்கா. நம்மளுக்குத் தனியா."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு போய், முந்தின நாளிலிருந்து நிறுத்தி வைத்திருந்த பாட்டை முழுச் சத்தத்தில் போட்டார்.